வீட்டுக் கடன் நோட்டீஸ்: எந்த நாள் வரை வீட்டை மீட்கலாம்?

நாளிதழின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரிசையாகச் சில கட்டங்கள் வரும். கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், சர்வே எண், நான்கு எல்லைகள், பாக்கித் தொகை. மேலே ‘சுவாதீன அறிவிப்பு’ என்றோ, ‘மின் ஏல விற்பனை அறிவிப்பு’ என்றோ ஒரு தலைப்பு. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி ராசிபலனுக்குப் போய்விடுவார்கள். ஆனால், அந்தக் கட்டத்துக்குள் பெயர் இருக்கும் குடும்பத்துக்கு அன்றைய பேப்பரில் அதைவிட முக்கியமான செய்தி கிடையாது.

இரண்டு தலைப்புகளும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. சுவாதீன அறிவிப்பு வந்த பிறகும் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை கடன்தாரருக்கு இருக்கிறது. ஏல அறிவிப்பு அச்சாகிவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. ‘ஏலத்துக்கு முதல் நாள்கூடப் பணத்தைக் கட்டி நிறுத்திவிடலாம்’ என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் சொல்லும் ஆறுதல் ஒருகாலத்தில் சரிதான். 2016-ல் சட்டம் மாறியது. அந்த மாற்றத்தின் கனத்தை 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பழைய ஆறுதலை நம்பி, கடைசி வாரத்தில் நகையை விற்றுப் பணம் புரட்டிக்கொண்டு வருபவருக்கு வங்கிக் கதவு மூடியிருக்கலாம்.

ஜப்தி எப்படி நடக்கிறது, எந்தெந்த இடத்தில் அதை எதிர்த்துக் கேட்கலாம், எந்த நாளைத் தவறவிடக் கூடாது?

கோர்ட்டுக்குப் போகாமலே ஜப்தி

வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்துக் கடன் வாங்குவதும் சட்டப்படி ஓர் அடமானம்தான். தனியார் ஒருவரிடம் வீட்டை அடமானம் வைத்திருந்தால், கடன் கொடுத்தவர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். முதலில் பூர்வாங்கத் தீர்ப்பு, பணம் கட்ட அவகாசம், பிறகு இறுதித் தீர்ப்பு, அதன் பிறகே ஏலம். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

வங்கிகளும் ஒருகாலத்தில் இப்படித்தான் அலைந்தன. 1993-ல் வங்கிகளுக்காகத் தனியே கடன் மீட்புத் தீர்ப்பாயங்களை அமைக்கச் சட்டம் வந்தது. அதுவும் போதவில்லை என்று 2002-ல் சர்ஃபேசி சட்டம் கொண்டுவரப்பட்டது. அடமானச் சொத்தைக் கோர்ட் உத்தரவு இல்லாமலே கையகப்படுத்தி விற்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்தது. வீட்டுக் கடன் நிறுவனங்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து உள்ள நிதி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் இதே அதிகாரம் உண்டு. கூட்டுறவு வங்கிகளும் இதைப் பயன்படுத்தலாம் என்று 2020 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

இப்படி ஓர் அதிகாரம் வந்ததும் அதை எதிர்த்து வழக்குகள் குவிந்தன. அவற்றில் முக்கியமானது மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கு. 2004 ஏப்ரல் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால், அதில் இருந்த ஒரு பிரிவை அடித்துவிட்டது. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால், வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்று அந்தப் பிரிவு சொன்னது. கடன் கட்ட முடியாமல் வீட்டையே இழக்கப் போகிறவரிடம், முறையிடுவதற்கு முக்கால்வாசிப் பணத்தைக் கட்டு என்பது நியாயமற்றது, தன்னிச்சையானது என்றது உச்ச நீதிமன்றம். கடன்தாரர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி அதைப் பரிசீலித்துக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. இன்று ஒரு சாதாரணக் குடும்பம் முன்பணம் எதுவும் கட்டாமல் தீர்ப்பாயத்தின் படியேற முடிகிறது என்றால், அதற்கு இந்தத் தீர்ப்புதான் காரணம்.

ஒரு காலண்டர் கணக்கு

நாட்கள் எப்படி ஓடுகின்றன என்பதை ஓர் உதாரணத்தில் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

ஒரு குடும்பத்தின் மாதத் தவணை நாள் ஜனவரி 5 என்று வைத்துக்கொள்ளலாம். வேலை போனதாலோ, ஆஸ்பத்திரிச் செலவாலோ அந்தத் தவணை நின்றுபோகிறது. அடுத்தடுத்த மாதங்களிலும் கட்ட முடியவில்லை. பாக்கி 90 நாட்களைத் தாண்டியதும், அதாவது ஏப்ரல் முதல் வாரத்தில், கணக்கு வாராக் கடனாகிறது. அதற்குப் பிறகு ஒரு தவணையோ இரண்டு தவணையோ கட்டினால் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. நிலுவை முழுவதையும் கட்டினால்தான் திரும்பும் என்பது ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்திய விதி. ‘இந்த மாதம் ஒன்று கட்டிவிட்டோமே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏப்ரல் 15-ம் தேதி முதல் நோட்டீஸ் வருகிறது. இதுதான் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ் அனுப்பப்படும் 60 நாள் நோட்டீஸ். இதில் தவணை பாக்கியை மட்டும் கேட்க மாட்டார்கள், மொத்தக் கடனையும் கேட்பார்கள். 60 நாள் கெடு ஜூன் 14-ம் தேதி முடிகிறது. ஜூன் 20-ம் தேதி வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி வந்து வீட்டுச் சுவரில் சுவாதீன அறிவிப்பை ஒட்டுகிறார். ஏழு நாட்களுக்குள் அது இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டார மொழி நாளிதழாக, போதிய விற்பனை உள்ளதாக இருக்க வேண்டும்.

இதை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக 45 நாள். ஆகஸ்ட் 4-ம் தேதியோடு அது முடிகிறது. ஆகஸ்ட் 10-ம் தேதி ஏல அறிவிப்பு நாளிதழில் வருகிறது. முதல் முறை ஏலம் என்றால், அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் நடுவே 30 நாட்கள் இருக்க வேண்டும் என்பதால் செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் ஏலம்.

ஆக, தவணை நின்றதிலிருந்து ஏலம் வரை எட்டு மாதம். வங்கி தாமதித்தால் இது நீளும். ஆனால், வங்கி தாமதிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. 45 நாள் முடியும்வரை ஏல அறிவிப்பு வராது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

நோட்டீஸை வாங்காவிட்டால் என்ன?

தபால்காரர் கொண்டுவரும் பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பிவிட்டால் கெடு ஓடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கடன்தாரர் நோட்டீஸைத் தவிர்க்கிறார் என்று தெரிந்தால், வீட்டுக் கதவில் ஒட்டியும் இரண்டு நாளிதழ்களில் வெளியிட்டும் அதைச் சேர்ப்பித்ததாக ஆக்கிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. திருப்பி அனுப்புபவருக்குக் கெடு நிற்காது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாமல் போவது மட்டும்தான் மிச்சம்.

வாங்கிப் படிப்பவருக்கோ உடனடியாக ஓர் ஆயுதம் கிடைக்கிறது. அந்த 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலமாக ஆட்சேபம் அனுப்பலாம். ‘இந்தத் தொகை தவறு’, ‘கட்டிய மூன்று தவணைகள் கணக்கில் வரவில்லை’, ‘அபராதத்துக்கு மேல் வட்டி போட்டிருக்கிறீர்கள்’, ‘மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்தும் பதில் இல்லை’ என்று எதுவானாலும் எழுதலாம். வங்கி 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். மார்டியா தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தில் சேர்ந்த 13(3ஏ) பிரிவு இது. இந்தப் பதிலைத் தருவது வங்கியின் கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. பின்னாளில் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது இந்தக் கடிதமும் அதன் ஒப்புகை அட்டையும் பேசும். கிளை மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னது பேசாது.

தொகையைச் சரிபார்க்கும்போது ஒன்றைத் தனியே பார்க்க வேண்டும். தவணை தவறினால் வட்டி விகிதத்தோடு கூடுதலாக ‘அபராத வட்டி’ சேர்க்கும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே வசூலிக்கலாம். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டால், வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ வழக்கத்துக்கு மாறாக வாடகைக்கோ குத்தகைக்கோ விடவோ கூடாது. அவசரத்தில் யாரிடமோ அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போடுவது புதுச் சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

வீடு போகிறது என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உள்ளூர் சிவில் கோர்ட். அங்கே ஒரு தடை உத்தரவு வாங்கிவிடலாம் என்ற எண்ணம். சர்ஃபேசி சட்டத்தின் 34-வது பிரிவு அந்தக் கதவை மூடிவைத்திருக்கிறது. தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயங்களில் சிவில் கோர்ட் தலையிட முடியாது. வங்கியே மோசடி செய்திருக்கிறது என்பது போன்ற மிக அரிதான குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் மார்டியா தீர்ப்பு விலக்கு வைத்தது.

அடுத்த எண்ணம் ஹைகோர்ட். ரிட் மனு போடலாம். ஆனால், தீர்ப்பாயம் என்ற மாற்று வழி இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் இதுபோன்ற மனுக்களில் சாதாரணமாகத் தலையிடக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. ஹைகோர்ட்டில் மனு போட்டு, அது ‘தீர்ப்பாயத்துக்குப் போங்கள்’ என்று திரும்பி வருவதற்குள் 45 நாள் கரைந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

சரியான கதவு கடன் மீட்புத் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இவை இருக்கின்றன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. சர்ஃபேசி சட்டத்தின் 17-வது பிரிவின் கீழ் மனு போட வேண்டும். 60 நாள் நோட்டீஸை மட்டும் எதிர்த்து மனு போட முடியாது. வங்கி சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து உரிமை தொடங்குகிறது. அதிகாரிகள் வந்து பூட்டுப் போடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சுவரில் அறிவிப்பு ஒட்டிய ‘பெயரளவு’ சுவாதீனத்தையே எதிர்த்து வரலாம் என்று 2018 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டைப் பூட்டிய பிறகுதான் வர முடியும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னதை மாற்றிய தீர்ப்பு அது.

செலவு? கடன்தாரர் போடும் மனுவுக்கு, கடன் 10 லட்சத்துக்குக் கீழே என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய் கட்டணம். 10 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5,000 ரூபாயும், 10 லட்சத்துக்கு மேலான ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாயும். உச்சவரம்பு ஒரு லட்சம். 25 லட்சம் கடனுக்கு 8,750 ரூபாய் வரும். வக்கீல் கட்டணம் தனி. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெறச் சட்டம் வழி செய்கிறது. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வீட்டுக் கடனில் மனைவியும் கூட்டுக் கடன்தாரராக இருக்கும் குடும்பங்களுக்கு இது நேரடியாக உதவும்.

தீர்ப்பாயத்தில் தோற்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கே முன்பணம் கட்டியாக வேண்டும். கடனில் பாதி. காரணம் காட்டினால் கால் பங்கு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே இறங்காது. ஆகவே, பணம் இல்லாத குடும்பத்துக்கு முதல் கட்ட மனுதான் உண்மையான வாய்ப்பு. அதை ஏனோதானோ என்று போடக் கூடாது.

வங்கி எங்கே தவறும்?

தீர்ப்பாயம் முக்கியமாகப் பார்ப்பது, வங்கி சட்டம் சொன்ன படிகளை ஒவ்வொன்றாக ஏறியதா என்பதைத்தான்.

நோட்டீஸ் எல்லோருக்கும் போனதா? கூட்டுக் கடன்தாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போக வேண்டும். ஜாமீன்தாரரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் கடன்தாரரே. பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது.

சொத்து இந்தச் சட்டத்துக்குள் வருமா? விவசாய நிலத்தை சர்ஃபேசி சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. ஆனால், பட்டாவில் ‘நஞ்சை’ என்று இருப்பது மட்டும் போதாது. உண்மையிலேயே விவசாயம் நடக்கிறது என்று கடன்தாரர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாக்கி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இல்லையென்றாலும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாகவே பாக்கி நிற்கிறது என்றாலும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. கடனின் பெரும்பகுதியைக் கட்டி முடித்துக் கடைசியில் தடுமாறுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நேரடியாக ஆட்களை அனுப்பினார்களா? உரிமையாளர் வெளியேற மறுத்தால், வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ 14-வது பிரிவின் கீழ் உத்தரவு வாங்கி வர வேண்டும். தடியர்களை அனுப்பி மிரட்டும் வேலைக்குச் சட்டத்தில் இடமில்லை. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி.

ஏலத்தில் விலை சரியா? அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கி, குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். அந்த விலைக்குக் கீழே விற்கக் கடன்தாரரின் சம்மதம் தேவை. பொது ஏலம் விடாமல் யாரோ ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் விற்பதாக இருந்தால், அந்த நிபந்தனைகள் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், கடன்தாரரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் நடந்த அப்படிப்பட்ட விற்பனை செல்லாது என்றது. அதே 2014-ல் மேத்யூ வர்கீஸ் வழக்கில், விற்பனைக்கு முன் கடன்தாரருக்கு முழுதாக 30 நாள் அவகாசம் தர வேண்டும், அது சடங்குக்காக எழுதப்பட்ட விதி இல்லை என்றும் சொன்னது.

வங்கி தவறியது நிரூபணமானால் தீர்ப்பாயம் நடவடிக்கையை ரத்து செய்யலாம், வீட்டைத் திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் செலவுத்தொகையும் வழங்கச் சொல்லலாம்.

மூடுகிற கதவு

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வரலாம். பணத்தைக் கட்டி வீட்டை மீட்க எது கடைசி நாள்?

அடமானம் வைத்ததை மீட்கும் உரிமை மிகப் பழைய உரிமை. சொத்து மாற்றுச் சட்டம் அதற்கு ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறது. சர்ஃபேசி சட்டமும் முதலில் அதை மதித்தது. விற்பனைக்கு என்று குறித்த தேதிக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் பாக்கி முழுவதையும் செலவோடு கட்டினால் வங்கி விற்கக் கூடாது என்றது 13(8) பிரிவு. ஏலத்துக்கு முதல் நாள் கட்டலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது.

2016 செப்டம்பர் 1-ம் தேதி இந்த வாசகம் மாறியது. ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்னால் கட்ட வேண்டும் என்று ஆனது. மேலே பார்த்த உதாரணத்தில், பழைய சட்டப்படி செப்டம்பர் இரண்டாவது வாரம் வரை அவகாசம் இருந்திருக்கும். புதிய சட்டப்படி ஆகஸ்ட் 9-ம் தேதியோடு முடிகிறது. ஏறக்குறைய ஒரு மாதம் கழன்றுபோனது.

இது எவ்வளவு கறாரான விதி என்பதைக் காட்டியது செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கு. மகாராஷ்டிரத்தில் ஒரு நிறுவனத்தின் அடமானச் சொத்து 2023 ஜூனில் ஏலம் போனது. ஏலம் எடுத்தவர் 105 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் கேட்டிருந்தார். அதன் பிறகு கடன்தாரர் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 129 கோடி ரூபாய் கட்டி மீட்டுக்கொள்கிறேன் என்றார். வங்கிக்கும் கூடுதல் பணம், கடன்தாரருக்கும் சொத்து. உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஏலம் எடுத்தவர் உச்ச நீதிமன்றம் போனார். 2023 செப்டம்பர் 21-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஏல அறிவிப்பு வெளியானபோதே மீட்கும் உரிமை முடிந்துவிட்டது, அதிகத் தொகை கொடுத்தாலும் அந்த உரிமை திரும்ப வராது என்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. இப்படிக் கடைசி நேரத்தில் ஏலத்தைக் கலைத்தால், நம்பி ஏலம் எடுக்க யார் வருவார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

2025 செப்டம்பரில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் சென்றது. கடன் 2016 திருத்தத்துக்கு முன்பே வாங்கியதாக இருந்தாலும், தவணை தவறியது அதற்குப் பிறகு என்றால் புதிய விதிதான் பொருந்தும் என்றது. கூடவே, சட்டப் பிரிவும் விதிகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் குழப்பம் தருவதைச் சுட்டிக்காட்டி, நிதி அமைச்சகம் அதைச் சரிசெய்யக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது. நீதிமன்றமே குழப்பம் என்று சொல்லும் ஒரு விதியை, தவணை கட்ட முடியாமல் திணறும் ஒரு குடும்பம் தானாகவே புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. ஆனால், விதி மாறும்வரை காலண்டரில் வட்டமிட வேண்டியது ஏலத் தேதியை அல்ல, அதற்கு முன்னால் வரும் அறிவிப்புத் தேதியை.

ஜெயித்தாலும் கடன் இருக்கும்

தீர்ப்பாயத்தில் ஜெயித்தால் கடன் தள்ளுபடி என்று சிலர் நம்புகிறார்கள், சில இடைத்தரகர்கள் அப்படி நம்பவைக்கிறார்கள். நோட்டீஸ் சரியில்லை என்று ரத்தானால், வங்கி சரியான நோட்டீஸோடு மறுபடி வரும். இதற்கிடையில் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். வழக்கால் கிடைப்பது பெரும்பாலும் அவகாசம். அந்த அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் வீடு தப்புவது இருக்கிறது.

வருமானம் மறுபடி வரத் தொடங்கியிருந்தால், மறுசீரமைப்பு கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்றால் ஒருமுறைத் தீர்வுக்குப் பேசலாம். அது வங்கி விரும்பினால் தருவது. உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், கடைசி நேரத்தில் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

எதுவும் முடியாது என்று தெரிந்துவிட்டால், வங்கியின் எழுத்துபூர்வ அனுமதியோடு வீட்டைத் தாங்களே விற்பது இருப்பதில் நல்ல வழி. ஏலத்தில் எடுப்பவர் இடத்தில் இருக்கும் சிக்கலையும் கணக்குப் போட்டுத்தான் விலை கேட்பார். சொந்தமாக விற்றால் நியாயமான விலைக்கு வாய்ப்பு அதிகம். ஏலத்தில் கடனைவிட அதிகம் கிடைத்தால் மிச்சம் உரிமையாளருக்குச் சேர வேண்டும் என்பதும் சட்டம். அதைக் கேட்டு வாங்க மறக்கக் கூடாது. குறைவாகக் கிடைத்தால் மீதிக் கடனுக்காக வங்கி கடன்தாரர் மீதும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மீதும் தொடர முடியும். வீடும் போய்க் கடனும் நிற்கிற நிலை அது.

கடன் முழுவதையும் கட்டி முடித்தவர்களுக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. 30 நாட்களுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியது இது.

தவணை நின்ற வீடுகளில் முதலில் நிற்பது பேச்சு. கணவர் மனைவியிடம் சொல்வதில்லை, பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்வதில்லை, வங்கியிலிருந்து வரும் கவர் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே பிரிக்கப்படாமல் கிடக்கிறது. சட்டம் கொடுக்கும் 60 நாளும் 45 நாளும் அந்தக் கவருக்குள்தான் இருக்கின்றன. பிரித்து, தேதியைக் குறித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய காகிதம் அது.

அடுத்த வாரம்: கடன் முடிந்த பிறகும் வில்லங்கச் சான்றிதழில் அடமானம் நிற்பது ஏன்? அதை நீக்குவது எப்படி?